மாத்திரை எண்ணும் வேலை

போன இதழில் ஆசிரியர் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார்: மருந்தகத்திலும் மருத்துவ ஆய்விலும் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த, சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெண் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார் என்று. அந்தப் பெண் நான்தான். வந்த கடிதங்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்து, கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். இரண்டு கடிதங்களில் முட்டி வலிக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள். அவர்கள் நேரில் வரட்டும். மற்றவர்களுக்கு இங்கே பதில்.

*மாத்திரையை எண்ணிப் பையில் போடுகிற வேலைக்கு நாலு வருஷப் படிப்பு எதற்கு? கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.*
— வாசகர், தைப்பிங்

கோபம் இல்லை ஐயா. எண்ணுகிற வேலைதான். தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிய கை இது. இன்றைக்கும் பட்டாணிக் கடலையைத் தட்டில் போட்டால் என் விரல் ஐந்தைந்தாகத்தான் ஒதுக்கும். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஆனால் மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. முடக்குவாதத்துக்குக் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல நினைத்துத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்தம் உற்பத்தியாவது நின்று, உயிரே போகலாம். அதைக் கொடுக்கும்போது "வாரம் ஒன்று" என்று சொல்லிவிட்டுப் பையை நீட்டினால் போதாது. "எந்தக் கிழமை சாப்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து" என்று ஒரு பாட்டி சொன்னார். அதையே பையின் மேல் எழுதிக் கொடுத்தேன். எண்ணுவதற்கு அரை நிமிடம் போதும். இந்தப் பேச்சுக்குத்தான் நாலு வருடம் படிக்க வேண்டியிருக்கிறது.

*அக்கா, நான் லிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். படிவம் 5. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். மருந்தாளர் ஆக என்ன வழி? எங்கள் வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை.*
— மாணவி

எங்கள் வீட்டிலும் யாரும் போனதில்லை, தங்கச்சி. அதனால் முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களை விடாமல் பிடித்துக்கொள். அப்புறம் படிவம் 6 போய் எஸ்.டி.பி.எம்., அல்லது மெட்ரிகுலேஷன். வேதியியலும் உயிரியலும் கட்டாயம் வேண்டும், கூடவே கணிதமோ இயற்பியலோ. பட்டப்படிப்பு நாலு வருடம். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972-லிருந்தே மருந்தியல் பிரிவு இருக்கிறது. நான் அங்கேதான் படித்தேன். இப்போது மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் உண்டு. தனியாரில் சேருவதானால் பணம் கட்டுமுன் ஒன்று பார்: மலேசிய மருந்தியல் வாரியம், அதாவது லெம்பாகா ஃபார்மசி, அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா? கடன் வாங்கிப் படித்து முடித்த பிறகு அதைத் தெரிந்துகொண்டு என் கடையில் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

பட்டம் வாங்கியதும் நீ மருந்தாளர் ஆகிவிட மாட்டாய். ஒரு வருடம் தற்காலிகப் பதிவில் பயிற்சி. அரசு மருத்துவமனையிலும் செய்யலாம், அங்கீகாரம் உள்ள தனியார் இடத்திலும் செய்யலாம். மருந்துச் சட்டத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும். பிறகுதான் முழுப் பதிவு. சொந்தக் கடை வைக்கும் நாள் வந்தால் 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டப்படி 'ஏ' லைசென்ஸ் எடுக்க வேண்டும். சட்டத்துக்கு நாம் விற்பதில் பாதி 'விஷம்'தான். முதல் நாள் வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரசு வேலையில் நிரந்தரம் என்பது முன்னே மாதிரி இல்லை. 2016-லிருந்து புதிதாக வருகிறவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். இதை மறைத்து உனக்கு ஆசை காட்ட மாட்டேன்.

வேதியியல் பயம் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். உன் தாத்தா பாட்டி காலத்தில் உங்கள் தோட்டமும் பால்மரத் தோட்டமாக, அதாவது ரப்பர் தோட்டமாகத்தான் இருந்திருக்கும், கேட்டுப் பார். நான் ஆறு வயதில் பால் ஸ்டோர் வாசலில் நின்று வேதியியல் பார்த்தேன், அதற்குப் பெயர்தான் தெரியாது. பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் கொட்டும். உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட், கடைத்தெருவில் 'சுக்கா கெத்தா' என்பார்கள். யாராவது வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விடுவார்கள், அது எவ்வளவு முங்குகிறதோ அதற்கேற்ப சம்பளம். படிவம் 4-இல் அடர்த்தி, அமிலம், காரம் என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதியபோது, அட, இது நம்ம ஸ்டோர் விஷயம்தானே என்று இருந்தது. உனக்கும் அப்படி ஏதாவது ஒன்று அந்தத் தோட்டத்தில் இருக்கும். செம்பனைப் பழத்தை ஆலையில் ஏன் முதலில் ஆவியில் வேக வைக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேள். அவருக்குத் தெரியாவிட்டால் வேதியியல் ஆசிரியரிடம் கேள்.

*பினாங்கில் மருந்தியல் இறுதி ஆண்டு. மருத்துவ ஆய்வு வேலைக்குப் போனால் வெறும் பேப்பர் வேலை, படித்ததெல்லாம் வீண் என்கிறார்கள். உண்மையா?*
— வாசகி

பேப்பர் வேலைதான். எவ்வளவு பேப்பர் என்று உங்களுக்குச் சொன்னவர்களுக்கும் தெரியாது. ஒரு புது மருந்தை முதலில் சில ஆரோக்கியமானவர்களிடம், பிறகு நோயாளிகள் சிலரிடம், மூன்றாவது கட்டத்தில் பல மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேரிடம் பார்க்கிறார்கள். கடைக்கு வந்த பிறகும் நாலாவது கட்டம் என்று கண்காணிப்பு தொடரும். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. மருந்தை உள்ளே கொண்டுவர பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் அனுமதி, குளிர்பெட்டி 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருந்தது என்பதற்குத் தினசரிக் குறிப்பு. நான் 2003-இல், நோயாளிகளையும் அவர்கள் கோப்பையும் பார்த்துக்கொள்ளும் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். பிறகு ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் கோப்பைச் சரிபார்க்கும் மானிட்டர். இப்போது உங்களுக்கு வழி சுலபம். சுகாதார அமைச்சு 2012-இல் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா அரசு மருத்துவமனைகளுக்கு ஒருங்கிணைப்பாளர்களை அனுப்புகிறது. ஜி.சி.பி. என்ற நன்னெறிப் பயிற்சியை முடித்து, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

படித்தது வீணா என்பதற்கு ஒரு கதைதான் சொல்ல முடியும். நான் சேர்ந்த முதல் வருடம். இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு ஒரு ஆய்வு. தினம் ஒரு மாத்திரை, இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை வர வேண்டும். வருவது தள்ளிப்போனால் இருக்கட்டும் என்று ஏழு மாத்திரை கூடுதல். ஆக ஐந்து அட்டை, முப்பத்தைந்து மாத்திரை. திரும்ப வரும்போது காலி அட்டைகளையும் மிச்சத்தையும் கொண்டுவர வேண்டும். மிச்சம் ஏழு வர வேண்டும். தோட்டத்து அம்மா ஒருவர், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், ஐந்து அட்டையையும் துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கொடுத்தார். ஒன்று கூட மிச்சமில்லை. "நல்லா சாப்பிட்டேன் கண்ணு" என்றார்.

மருந்து படிக்காதவர் என்றால் இங்கே தலையாட்டி அனுப்பியிருப்பார். எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. ஏழு நாளாக இரண்டிரண்டு விழுங்கியிருந்தால் மயக்கமோ வியர்வையோ ஏதாவது வந்திருக்கலாம். வரவில்லை. அப்படியானால் ஏழு மாத்திரை வேறு யார் வயிற்றுக்காவது போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. டீ வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். ஓர்ப்படிக்குக் கொடுத்திருக்கிறார். "அவளுக்கும் இனிப்பு நீர், கிளினிக்குப் போக பஸ் இல்லை, பாவம்." அந்த அட்டையில் இருப்பது மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆய்வே அப்படித்தான் நடக்கும்.

மேலே இருந்த ஒருவரிடம் சொன்னேன். "தண்ணீரில் கொட்டிவிட்டது என்று எழுதிவிடேன். அந்த அம்மாவுக்கும் தொல்லை இல்லை, நமக்கும் இல்லை" என்றார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். நானும் பேனாவை எடுத்து அந்த வார்த்தையைப் பாதி எழுதியும் விட்டேன்.

பாதியில் ஏன் நிறுத்தினேன் என்றால், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துச் சுவர் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் பால் நிறுத்துவிட்டு வந்ததும் அடுப்புக்கரியால் சுவரில் கோடு போடுவார். நீளக்கோடு பத்துக் கிலோ, குட்டைக்கோடு ஒன்று. ஒரு மாதம், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கொடுத்த சீட்டில் பதினொரு கிலோ குறைந்தது. அம்மா ஆபீசுக்குப் போய் நின்றார். "கணக்கு இருந்தால் கொண்டு வா" என்றாராம் கிராணி. "சுவரில இருக்கு, எப்படிங்க கொண்டு வர்றது?" என்று அம்மா கேட்க, அங்கிருந்த எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பதினொரு கிலோ கிடைக்கவில்லை. ஆனால் மறு மாதத்திலிருந்து கிராணி எடையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆய்வுக் கோப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. கீழே என்ன இருந்தது என்று தெரியும்படி ஒற்றைக்கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வைக்க வேண்டும். அப்படியே செய்து, நடந்ததை எழுதினேன். மருத்துவர் ஓர்ப்படியை வரவழைத்து ரத்தம் பார்த்தார். நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை போனது. அந்தத் தோட்டத்து அம்மாவை ஆய்விலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று நான் பயந்தேன், தள்ளவில்லை. ஓர்ப்படிக்குக் கிளினிக்கில் சொந்தப் பெயரில் அட்டை போட்டு மெட்ஃபோர்மின் கொடுத்தார்கள். அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு முழு அட்டையை என் மேசையில் வைத்தார். "எண்ணிக்க" என்றார்.

என் பாதி வார்த்தையும் அந்தக் கோப்பில் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. சரிபார்க்க வந்த மானிட்டர் அதில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். காது சுட்டது.

*நம்ம ஏழை ஜனங்களைத்தானே சோதனை எலி ஆக்குகிறீர்கள்?*
— வாசகர், பாகான் செராய்

இந்தக் கேள்வியை மழுப்ப மாட்டேன். இந்த மண்ணிலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் அங்கிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளையரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு நம்ம ஊர்ப் புழுங்கலரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றேதான். அப்போது மலாயாவில் பெரிபெரி நோய் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் அது அரிது. விடுதியிலும் அப்படியே ஆனது. வெள்ளையரிசிப் பக்கம் பெரிபெரி வந்தது, பலர் செத்தும் போனார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

அருமையான ஆய்வு. நம் பாட்டிமார் அவித்த நெல்லுக்கு லான்செட் மருத்துவ இதழில் கிடைத்த மரியாதை என்றும் சொல்லலாம். ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒருவரிடமும் "உனக்குச் சம்மதமா?" என்று யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்குக் கேட்காமல் செய்ய முடியாது. மனிதர்களிடம் ஆய்வு செய்கிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 1964-இல் ஹெல்சிங்கிப் பிரகடனம், 1999-இல் மலேசியாவின் சொந்த வழிகாட்டி நூல். தகவல் தாளைத் தமிழிலும் கொடுப்போம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் கைநாட்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான வைத்தியம் கெடாது.

சட்டம் சரி. அதைத் தமிழில் புரிய வைப்பதுதான் பாடு. யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் என்று ஒரு தாத்தாவிடம் விளக்கினேன். "நாலு நம்பர் லாட்டரி மாதிரியா? எனக்குத்தான் இதுவரைக்கும் அடிச்சதே இல்லையே" என்றார். புரிந்துவிட்டது என்று கையெழுத்து வாங்கலாமா? வாங்கவில்லை. மருந்தில்லாத மாத்திரை விழுந்தாலும் விழலாம் என்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். யோசித்துவிட்டு, "அப்ப வேண்டாம் தாயி" என்று எழுந்து போனார். நல்லதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முடிந்ததே, ஐயா, எலியால் அது முடியாது. ஒரு தோட்டத்து மனிதரிடம் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்கிற உங்கள் பயம் மட்டும் எனக்கும் உண்டு. அதனால்தான் அந்த நாற்காலியில் தமிழ் பேசுகிற பெண் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்று இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*மகளுக்கு மானிட்டர் வேலை வந்திருக்கிறது. மாதத்தில் பாதி நாள் வெளியூர், ஹோட்டல் தங்கல். கல்யாண வயது. என்ன செய்ய?*
— ஒரு தாய், கோலகங்சார்

அம்மா, நான் ஒரு பழைய கஞ்சில் காரில் அலோர்ஸ்டாருக்கும் ஜோகூருக்கும் ஓடியவள். குளிர்சாதனம் வேலை செய்யாது. என் மாமியார் பக்கத்து வீட்டில் "மருந்துக் கம்பெனிக்கு ஊர் சுற்றுகிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கே ரத்தக் கொதிப்பு வந்து ஆறு வகை மாத்திரை கொடுத்தபோது, அதில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. 2014-இல் அந்த வேலையை விட்டேன். குடும்பத்துக்காக என்று ஊரில் சொன்னார்கள். இடுப்பு வலிக்காக. உங்கள் மகளை நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

*எஸ்.டி.பி.எம். வேதியியலில் 'சி'. டாக்டர் கனவும் போச்சு, ஃபார்மசியும் போச்சா?*
— மாணவி, பீடோர்

முதலில், டாக்டர் கிடைக்காவிட்டால் ஃபார்மசி என்று வருகிறவர்கள் இரண்டாம் வருடம் மருந்தாக்க வேதியியலில் படுத்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். 'சி'யோடு மருந்தியல் பட்டம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு தாளைத் திரும்ப எழுத முடிந்தால் எழுது. இல்லையென்றால் மருந்தியல் டிப்ளோமா படித்து உதவி மருந்தாளர் ஆகலாம். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலைக்குத் தாதிமையும் உயிர் அறிவியலும் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். நான் பார்த்ததிலேயே சிறந்த ஒருங்கிணைப்பாளர் ஒரு முன்னாள் தாதிதான்.

*நீ யார் மகள் என்று எனக்குத் தெரியும். உங்கம்மாவும் நானும் ஒரே நிரையில் மரம் வெட்டினோம். சுவரெல்லாம் கரிக்கோடு போட்டு வைப்பாளே, அந்தக் கோடெல்லாம் இருக்கா? பேத்தியிடம் சொல்லி எழுதச் சொன்னேன்.*
— சுங்கை சிப்புட்

இல்லை சின்னம்மா. லயத்தை இடித்துவிட்டுச் செம்பனை போட்டுவிட்டார்கள். கடைசியாகப் போனபோது எந்த வரிசையில் நம் வீடு இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சுண்ணாம்பு அடிக்கும்போது அம்மா அந்தச் சுவரை மட்டும் அடிக்க விடமாட்டார். அப்பா திட்டிக்கொண்டே மற்ற மூன்று சுவரை அடிப்பார்.

பேத்தி கடிதத்தின் அடியில், நீங்கள் காலையில் சாப்பிட வேண்டிய வெள்ளை மாத்திரையை ராத்திரியில் சாப்பிடுகிறீர்கள், பாதி நாள் மறந்தும் போகிறீர்கள் என்று தனியாக எழுதியிருக்கிறாள். எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க. பசாருக்கு எதிர்ப்பக்கம், வெற்றிலைக் கடைக்கு இரண்டு கடை தள்ளி. வியாழன் மத்தியானம் கூட்டம் இருக்காது. எண்ணிப் பார்த்துவிடலாம்.